கலைக்களஞ்சியம் சாட்சி சொல்லலாமா?

2023ஆம் வருஷம் ஜனவரி மாதம் 17ந் தேதி சுப்ரீம் கோர்ட்டார் ஒரு சுங்க வழக்கில் தீர்ப்புக் கூறினர். மேல்நோக்காகப் பார்ப்பவருக்கு வழக்கின் விஷயம் அற்பமாகத் தோன்றும். ஹ்யூலெட் பாக்கர்ட் கம்பெனியார் இறக்குமதி செய்த ஒருவகை மேஜைக் கணினிகளில் திரையும் யந்திரமும் ஒரே உடலாக அமைந்திருந்தன. அவற்றைத் 'தூக்கிச் செல்லத்தக்க கணினி' என்னும் வகுப்பிலே சேர்ப்பதா, வேறு வகுப்பிலே சேர்ப்பதா என்பதே வினா. சுங்க அதிகாரிகள் முன்னதிலேயே சேர்க்கவேண்டுமென்றனர். அம்முடிவுக்குத் துணையாக அவர்கள் காட்டியவற்றுள் விக்கிப்பீடியாவும் ஒன்று. கோர்ட்டார் இவ்விடத்தில் சற்று நின்று ஓர் எச்சரிக்கை செய்தனர். உலகத்தார்க்கெல்லாம் இலவசமாக அறிவு வழங்கும் இத்தகைய தளங்களின் பயனை அவர்கள் மறுக்கவில்லை. ஆயினும் பலர் கூடி எழுதியும் திருத்தியும் வருவதால் விளைந்த கட்டுரைகளை நம்பி வழக்குகளைத் தீர்ப்பது தகாது என்றும், இவற்றினும் நம்பத்தக்க ஆதாரங்களைக் காட்டும்படி வக்கீல்களைத் தூண்டவேண்டுமென்றும் கூறினர்.

வக்கீல் தொழிலில் உள்ளோருக்கு இதைப் படித்தவுடன் மற்றொரு தீர்ப்பு நினைவுக்கு வரும். 2010ஆம் வருஷத்தில் கோயம்புத்தூரிலிருந்து சென்ற ஒரு ஜீவனாம்ச வழக்கிலே, சடங்கின்றிச் சேர்ந்து வாழ்தல் எவ்வளவில் விவாகத்துக்கு ஒப்பாகும் என்பதை விளக்குமிடத்தில், இதே கோர்ட்டார் விக்கிப்பீடியாவையே பார்க்கும்படி குறித்திருந்தனர். இதைக் குறையாக நாம் எடுத்துக் கூறவில்லை. 1872ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டம், சரித்திரம், இலக்கியம், சாஸ்திரம், கலை ஆகியவற்றில் தகுந்த நூல்களின் உதவியைக் கோர்ட்டார் நாடலாமென்று அனுமதித்திருந்தது. 2024 ஜூலை 1ந் தேதி அமலுக்கு வந்த புதிய சட்டமும் அந்த அனுமதியை எடுத்துவிடவில்லை. ஆக, நூலைப் பார்க்கலாமா என்பது தகராறன்று. எது 'தகுந்த' நூல் என்பதே தகராறு.

கோர்ட்டாருக்காவது வேறு வழி உண்டு. ஐயம் தோன்றினால் நிபுணரைக் கூண்டிலேற்றிக் கேட்கலாம். தோட்டத்துக் கிணற்றில் மோட்டார் நின்றுபோய்க் கைபேசியைத் திறந்து பார்க்கும் குடியானவனுக்கும், தொழிற்பயிற்சிப் பள்ளியில் இங்கிலீஷ் புஸ்தகம் விளங்காமல் தமிழில் தேடும் பிள்ளைக்கும் அந்த வழி இல்லை. அவர்கள் கண்ணில் முதலிற்படுவது இணையக் களஞ்சியத்தின் கட்டுரையே. அதனை நம்பாதே என்று அவர்களிடம் சொல்லிவிட்டுப் போவது எளிது. நம்பத்தக்கதையும் தகாததையும் எப்படிப் பிரித்தறிவது என்று சொல்வதுதான் வேலை.

இக்களஞ்சியத்தைப் பரீட்சை செய்தவர்கள் இல்லாமலில்லை. 2005ஆம் வருஷத்தில் லண்டனிலிருந்து வெளிவரும் 'நேச்சர்' என்னும் சாஸ்திரப் பத்திரிகை, விக்கிப்பீடியாவிலிருந்தும் பிரிட்டானிக்காவிலிருந்தும் ஒரே பொருளைப் பற்றிய கட்டுரைகளை இரட்டை இரட்டையாக எடுத்து, எது எங்கிருந்து வந்ததென்று சொல்லாமல் நிபுணர்களுக்கு அனுப்பியது. 42 இரட்டைகளுக்குப் பதில் வந்தது. பெரும் பிழைகள் இரண்டிலும் நான்கு நான்கு. சிறு பிழைகளும் விடுபாடுகளும் மயக்கந்தரும் வாக்கியங்களுமாக விக்கிப்பீடியாவில் 162, பிரிட்டானிக்காவில் 123. மெண்டலேயெவ் என்ற ருஷ்ய ரசாயன சாஸ்திரியைப் பற்றிய கட்டுரையில் மட்டும் முன்னதில் 19, பின்னதில் 8. பிரிட்டானிக்காவினர் 2006இல் இந்தப் பரீட்சையின் முறையையே ஆக்ஷேபித்து நீண்ட மறுப்பு வெளியிட்டனர். பத்திரிகையினர் அதை ஏற்கவில்லை. விக்கிப்பீடியாவின் நண்பர்கள் அன்றுமுதல் இந்த எண்களைக் கொடியாகப் பிடித்து வருகின்றனர். பிடிக்கட்டும். ஆனால் பரீட்சிக்கப்பட்டவை சாஸ்திரக் கட்டுரைகள், அதுவும் இங்கிலீஷ் கட்டுரைகள். பல்லாயிரம் கண்கள் மேய்ந்த வயல் அது. ஒருவர் எழுதி, வேறெவரும் திரும்பிப் பாராத கட்டுரைகளுக்கு அந்தச் சராசரி செல்லாது.

அவ்வாறு எவரும் திரும்பிப் பாராத கட்டுரை என்ன செய்யும் என்பதற்கு, யந்திரத் துறையிலிருந்தே ஓர் உதாரணம் உண்டு. 2012ஆம் வருஷத்தில் இங்கிலாந்தின் ஒரு சர்வகலாசாலையில் ஆசிரியர் ஒருவர் விக்கிப்பீடியாவை நம்பவேண்டாமென்று மாணவர்களை எச்சரித்தார். டோஸ்டர் என்னும் ரொட்டி வாட்டும் மின்கருவியைப் பற்றிய கட்டுரையில், தம் சிநேகிதர் ஒருவரே கண்டுபிடித்தவரென்று பொய்யாக எழுதப்பட்டிருந்ததை அதற்குச் சாட்சியாகக் காட்டினார். மாணவர்கள் கற்றுக்கொண்ட பாடம் வேறு. வகுப்பில் அமர்ந்திருந்த ஒரு வாலிபனின் பெயரை அவனுடைய தோழன் அதே இடத்தில் எழுதிவைத்தான். பிறகு 1893இல் எடின்பரோவில் அக்கருவியை ஆக்கிய ஸ்காட்லாந்துக்காரர் என்று அப்பெயருக்கு ஒரு ஜீவிய சரித்திரமே எழுந்தது. பழங்காலத்துப் படம்போல மங்கலாக்கப்பட்ட ஒரு படமும் அதனோடு சேர்ந்தது.

பத்து வருஷகாலம் இந்த மனிதர் ஜீவித்திருந்தார். புஸ்தகங்கள் அவரைப் பற்றி எழுதின, பத்திரிகைகள் எழுதின. ஸ்காட்லாந்தின் புகழைப் பரப்பும் தளமொன்று அவரைத் தன் மேதைகளில் ஒருவராக வைத்துக்கொண்டது. 50 பவுன் நோட்டில் எந்த சாஸ்திரியின் முகத்தை அச்சிடலாமென்று பாங்க் ஆப் இங்கிலாந்து ஜனங்களைக் கேட்டபோது, வந்த பெயர்களில் இவருடையதும் ஒன்று. 2022இல் ஒரு பதினைந்து வயதுப் பையன் அந்தப் படத்தைப் பார்த்து இது ஒட்டுவேலைபோலிருக்கிறதே என்று ஐயுற்றான். அதன் பிறகே குட்டு வெளிப்பட்டது. பத்தாண்டுகளில் அக்கட்டுரையை வாசித்த பேராசிரியர்களும் எஞ்சினியர்களும் எத்தனை பேரோ! கண்டவன் பள்ளிப்பிள்ளை.

இதில் கவனிக்கவேண்டிய சூது ஒன்றுண்டு. களஞ்சியத்தைப் பார்த்துப் புஸ்தகம் எழுதப்படுகிறது. பின்னர் அந்தப் புஸ்தகத்தையே ஆதாரமாகக் களஞ்சியத்தின் அடியில் குறிக்கிறார்கள். பொய், தான் பெற்ற பிள்ளையையே தனக்குச் சாட்சியாகக் கொண்டுவந்து நிறுத்துகிறது. நியாயஸ்தலத்தில் இதற்குச் செவிவழிச் சாட்சியம் என்று பெயர். கண்டவன் வந்து சொல்லவேண்டுமேயன்றி, கண்டதாகக் கேட்டவன் சொல்வதை ஏற்பதில்லை. ஆகவே கட்டுரையின் அடியில் முப்பது ஆதாரங்கள் இருக்கின்றன என்பது ஒரு தகுதியன்று. அவற்றுள் எத்தனை கட்டுரைக்கு முன் பிறந்தவை, எத்தனை பின் பிறந்தவை என்று பார்க்கவேண்டும். ஒரு கருவி தோன்றிய காலத்தைக் கூறும் கட்டுரையில், அக்காலத்துப் பேடண்ட் பத்திரமோ, விலைப்பட்டியலோ, பத்திரிகைக் குறிப்போ ஒன்றாவது இருக்கிறதா? இல்லையேல் அந்தத் தேதி வெறும் வதந்தி. டோஸ்டரின் விஷயத்திலேயே, கம்பி செந்தணலாய்ப் பழுத்தும் எரிந்து போகாதிருக்கும் நிக்கல்-குரோமியக் கலவைக்கு ஆல்பர்ட் மார்ஷ் என்ற அமெரிக்கர் பேடண்ட் பெற்றது 1906இல். ஜெனரல் எலெக்டிரிக் கம்பெனியாரின் டோஸ்டர் விற்பனைக்கு வந்தது 1909இல். இவற்றை அறிந்தவர் ஒருவர், 1893இல் எந்தக் கம்பியைக் கொண்டு நாள்தோறும் ரொட்டி வாட்டினார்கள் என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்.

விக்கிப்பீடியாவினர் தம் கட்டுரைகளுக்குத் தாமே தரம் போடுகின்றனர் என்பதை நேயர்களிற் சிலர் அறியார். இங்கிலீஷ் பதிப்பில் குறுங்கட்டுரை என்ற கடைத்தரத்திலிருந்து சிறப்புக் கட்டுரை என்ற தலைத்தரம் வரையில் படிகள் உண்டு. 70 லட்சத்துக்கு மேற்பட்ட கட்டுரைகளில் தலைத்தரம் பெற்றவை ஏறக்குறைய ஆயிரத்துக்கு ஒன்று. இத்தரம் பெறுவதற்குப் பிற எழுத்தாளர்கள் கூடி வரிவரியாகக் கேள்வி கேட்கின்றனர். அது மெச்சத்தக்க ஏற்பாடே. ஆனால் எஞ்சிய 999க்கு அவ்வளவு கண்கள் எங்கே கிடைக்கும்? எனவே 2015இல் கணினியைக் கொண்டே தரம் ஊகிக்கும் ஓர் ஏற்பாட்டை அமைத்தனர். அது கட்டுரையின் நீளம், தலைப்புகளின் தொகை, ஆதாரக் குறிப்புகளின் தொகை, படங்களின் தொகை முதலியவற்றை எண்ணிப் பார்த்து இன்ன தரம் என்று சொல்லும். கட்டுரை சொல்வது மெய்யா என்பதை மட்டும் அது கேளாது. மூட்டையின் பருமனைப் பார்த்து நெல்லின் தரம் சொல்லும் தரகனை நம் ஊர்ச் சந்தையில் எவரும் அண்டவிடார்.

பின் எதனைக் கொண்டு அளப்பது? பம்புசெட்டுக்குப் பூட்டும் மும்முனை இண்டக்ஷன் மோட்டாரை எடுத்துக்கொள்வோம். நான்கு துருவமுள்ள மோட்டாரில் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் பாயும்போது, அதனுள் எழும் காந்தப்புலம் நிமிஷத்துக்கு 1500 முறை சுழலும். ஆனால் மோட்டாரின் அச்சு அந்த வேகத்தை எட்டுவதில்லை. சற்றுப் பின்தங்கிச் சுழல்வதனாலேயே அது சுமையை இழுக்கிறது. ஆகவே மோட்டாரின் பெயர்த்தகட்டில் 1440 என்பது போன்ற ஓர் எண்ணைக் காணலாம். இப்போது கட்டுரையைத் திறவுங்கள். 1500 சுற்று என்று எழுதி நிறுத்திவிட்டதா? எழுதியவர் மோட்டாரைத் தொட்டதில்லை. 1800 என்று எழுதியிருக்கிறதா? 60 ஹெர்ட்ஸ் வழங்கும் அமெரிக்காவில் எழுதியதை ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு பெயர்த்திருக்கிறார். இரு வேகங்களையும் கூறி, வித்தியாசம் ஏன் என்பதையும் விளக்கினால், அவர் அறிந்தவர்.

பிழையினும் கொடியது விடுபாடு. ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் மின்னோட்டத்தை மூன்றில் ஒரு பங்காகக் குறைக்கும் என்று ஒரு கட்டுரை எழுதுவதாகக் கொள்வோம். அது உண்மை. மோட்டாரின் திருப்பு விசையும் அதே மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடும் என்பதை எழுதாது விட்டால்? வாக்கியம் ஒவ்வொன்றும் மெய். ஆனால் அதை நம்பிப் பளுவோடு மோட்டாரைக் கிளப்ப முயன்றவன், அது கிளம்பாமல் உறுமிச் சூடேறுவதைக் காண்பான். நேச்சர் பத்திரிகையின் நிபுணர்கள் விடுபாட்டையும் பிழையோடு சேர்த்து எண்ணியது இதனாலேதான் சரி. சொல்லாத பாதியைச் சாட்சியிடமிருந்து குறுக்கு விசாரணையில் வக்கீல் பெயர்த்தெடுப்பார். கட்டுரையிடம் அதைக் கேட்கவல்லவன் தொழில் தெரிந்தவன் ஒருவனே. கோர்ட்டாரும் அந்தச் சுங்க வழக்கில் முடிவாகப் பார்த்தது பொருளையே. எடை மட்டும் போதுமான அளவன்று, ஒருவர் எளிதில் தூக்கிச் செல்லும் வசதி அப்பொருளுக்கு உண்டா என்று ஆராய்ந்து, இல்லையென்று கண்டு, கம்பெனியாரின் பக்கம் தீர்த்தனர்.

தேசாபிமானிகளாகிய நமக்கு இன்னொரு பரீட்சை உண்டு. அது சற்றுக் கசப்பானது. கம்பியில்லாத் தந்தியைக் கண்டுபிடித்தவர் யார்? மார்க்கோனி ஒருவரே என்று முடிக்கும் கட்டுரையைக் கண்டால் நமக்குக் கோபம் வருகிறது, வரவேண்டியதுதான். ஜகதீச சந்திர போஸ் 1895இல் கல்கத்தாவில் மின்காந்த அலைகளைச் சுவர் கடந்து அனுப்பி மணியடிக்கச் செய்ததும், பாதரசத்தைக் கொண்டு அலையுணரும் கருவியைப் பற்றி 1899இல் ராயல் சொஸைடியில் வெளியிட்டதும், 1904இல் அமெரிக்கப் பேடண்ட் பெற்றதும் சரித்திரம். 1901இல் அட்லாண்டிக் கடலைத் தாண்டிச் செய்தி வாங்கியபோது மார்க்கோனி கையாண்டதும் பாதரசக் கருவியே. ஆனால் 'ரேடியோவைக் கண்டுபிடித்தவர் போஸ். மார்க்கோனி திருடினார்' என்று இரண்டே வரியில் எழுதிவைக்கும் கட்டுரையை நாம் கைகொட்டி வரவேற்கலாமா? போஸ் ஆராய்ந்தவை ஐந்து மில்லிமீட்டர் வரையில் குறுகிய அலைகள். அவர் நாட்டம் அலைகளின் தன்மையில் இருந்தது, நெடுந்தூரம் செய்தி அனுப்பும் வியாபாரத்தில் இல்லை. இந்த வேற்றுமையைச் சொன்னால் அவர் பெருமை குறையாது, கூடும். சொல்லாது மறைத்தால், நாளைக்கு ஓர் அந்நியன் அதை எடுத்துக்காட்டி நம் வரலாறு முழுவதையும் நகைப்பான். நமக்குப் பிரியமான கட்டுரையை இரட்டிப்புக் கண்டிப்போடு விசாரிக்கவேண்டும் என்பது நம் அபிப்பிராயம். நம் கட்சியிலேயே இது பலருக்குப் பிடிக்காதென்பது தெரியும்.

இனித் தமிழின் நிலைமை. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் இன்று ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட கட்டுரைகள் உள்ளன. தமிழ்நாட்டாரும் இலங்கைத் தமிழரும் கூலியின்றி உழைத்து எழுப்பிய கட்டடம் அது. கலைச்சொல்லில் இரு கரையாருக்கும் ஓயாத வாதம் நிகழ்வதும் நல்லதற்கே. சொல்லுக்காகச் சண்டையிடுவோர் பொருளையும் கவனிப்பர். தொகை பெருகினாற் போதுமென்று இவர்கள் நினைத்ததில்லை என்பதற்குச் சான்று உண்டு. 2009 முதல் 2011 வரையில் கூகிள் கம்பெனியார் கூலிக்கு ஆள் அமர்த்தி இங்கிலீஷ் கட்டுரைகளைத் தமிழ் முதலிய இந்திய பாஷைகளில் பெயர்த்துக் கொட்டினர். எண்ணிக்கை ஏறியது. இனாமாக வந்ததென்று வாயை மூடிக்கொண்டிராமல், தமிழ் விக்கிப்பீடியர்கள் அவற்றைப் படித்துப் பார்த்தனர். தமிழ் வாசகனுக்குப் பயன்படாத பொருள், தமிழாகாத வாக்கியம், எழுதியவரிடம் கேட்டால் பதில் இல்லாமை என்று குறைகளை வகுத்து, 2010இல் போலந்து தேசத்து க்டான்ஸ்க் நகரில் கூடிய விக்கிமேனியா மகாநாட்டிலேயே வைத்தனர். பெருமைப்படத்தக்க செயல் அது.

எல்லாப் பாஷைகளுக்கும் அந்தக் காவல் வாய்க்கவில்லை. ஸ்காட்ஸ் பாஷையின் விக்கிப்பீடியாவில் இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட கட்டுரைகளை எழுதியவன் அந்தப் பாஷையே தெரியாத ஓர் அமெரிக்கப் பையன் என்பது 2020இல்தான் தெரியவந்தது. அகராதியைப் பார்த்து இங்கிலீஷ் சொற்களை மாற்றி மாற்றிப் போட்டிருந்தான், எவரும் கேட்கவில்லை. கிரீன்லாந்து பாஷையின் பதிப்போ, யந்திரம் பெயர்த்த பொருளற்ற எழுத்துப் பெருகியதனால் 2025இல் மூடிவிடுவதென்றே முடிவாயிற்று.

இப்போது பொறுப்பு முன்னினும் கனத்திருக்கிறது. கேட்டதற்கெல்லாம் நொடியில் விடை பகரும் செயற்கை அறிவு யந்திரங்கள் வந்துவிட்டன. அவற்றுக்கு ஊட்டிய எழுத்துள் விக்கிப்பீடியாவும் ஒன்று. இங்கிலீஷில் அது பெருங்கடலில் ஒரு துறை, தமிழைப்போல் இணையத்தில் எழுத்துக் குறைந்த பாஷையில் அதன் பங்கு பெரிது. தமிழ்க் கட்டுரையில் மோட்டார் 1800 சுற்று என்று தவறி நின்றால், யந்திரமும் 1800 என்று கற்கலாம். கற்றதை எவர் கேட்டாலும் சற்றும் தயங்காத நடையில் சொல்லும். கட்டுரையிலாவது அடிக்குறிப்பும் திருத்தங்களின் வரலாறும் உண்டு. யந்திரத்தின் விடையில் பல சமயம் அதுவும் இராது. பொய்யின் வேரைத் தேடிப் போகிறவனுக்குப் பாதையே கிடையாது.

அந்த வரலாறு என்னும் பகுதியை வாசகர்களிற் பெரும்பாலோர் ஒருமுறையும் திறந்ததில்லை என்றே எண்ணுகிறோம். விக்கிப்பீடியாக் கட்டுரை ஒவ்வொன்றிலும் அது உண்டு. எந்த வாக்கியம் எந்தத் தேதியில் சேர்ந்தது, சேர்த்தவர் எவர், நீக்கியவர் எவர் என்பதெல்லாம் அங்கே கிடக்கின்றன. பக்கத்திலேயே உரையாடல் பக்கம். கட்டுரையைக் குறித்து எழுந்த ஆக்ஷேபணைகளும் விடைகளும் அதில் உள்ளன. அச்சுக் களஞ்சியம் எதுவும் தன் வழக்குக் கட்டை இவ்வாறு வாசகன் கையில் கொடுத்ததில்லை. ஐந்து வருஷமாக ஒருவரும் தொடாத, ஒரு கேள்வியும் எழாத யந்திரக் கட்டுரையைக் கண்டால், அது குற்றமற்றதென்று கொள்ளவேண்டாம், விசாரிக்கப்படாததென்று கொள்க.

விசாரிக்கவேண்டியவர்கள் பத்திரிகாசிரியர்களும் பண்டிதர்களும் அல்லர். கோயம்புத்தூரில் மோட்டாருக்குச் சுருள் சுற்றுகிறவர், மின்சார வாரியத்தில் லைன் பார்த்து ஓய்வு பெற்றவர், தொழிற்பள்ளி ஆசிரியர், லேத்துப் பட்டறைக்காரர் ஆகியோரே இதற்குத் தகுந்த நீதிபதிகள். இவர்களிற் பலர் எழுத்தென்றால் வேறு ஜாதியாரின் வேலை என்று ஒதுங்கி நிற்கின்றனர். தம் தொழிலைப் பற்றிய கட்டுரை ஒன்றை வாசித்து, பிழையான எண் ஒன்றைக் கண்டு, உரையாடல் பக்கத்தில் 'இது இப்படியன்று' என்று இரண்டு வரி எழுதுவதற்கு இலக்கணம் வேண்டியதில்லை. கட்டணமும் இல்லை, எவருடைய அனுமதியும் வேண்டாம். சரியான எண் எந்தப் புஸ்தகத்தில், அல்லது எந்தக் கம்பெனியின் கையேட்டில், எத்தனையாம் பக்கத்தில் இருக்கிறதென்பதை மட்டும் கூடவே குறித்துவிட வேண்டும்.